கக்கின பிள்ளை தக்கும்

இந்தப் பக்கத்தில் புத்தகம், சினிமா, சமயத்தில் பட்ஜெட் என்று எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு குறை சொல்வது என் பிழைப்பு. இந்த வாரம் எடுத்திருப்பது கொஞ்சம் விசித்திரமான இலக்கியம். எழுதியவர் பெயர் இருக்காது. பின்னட்டையில் கன்னத்தில் கை வைத்த போட்டோ இருக்காது. ஆனால் நகரத்து வீடுகளில் இவ்வளவு ஊன்றிப் படிக்கப்படும் எழுத்து வேறு கிடையாது. ராத்திரி ரெண்டே கால் மணிக்கு ஒரு கையில் குழந்தையும் இன்னொரு கையில் பாட்டிலுமாக, அதன் முதுகில் எறும்பு சைஸில் அச்சடித்திருப்பதைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறார்களே, அது.

பச்சைக்குழந்தை பால் கக்குவதைப் பற்றிய எழுத்தைச் சொல்கிறேன். சொட்டு மருந்தின் லேபிள், அட்டைப்பெட்டிக்குள் எட்டாக மடித்த தாள், தலையணை உறைமேல் வாசகம், குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் 'வாந்தி' அத்தியாயம், டி.வி. விளம்பரம் எல்லாம் இதில் அடக்கம். நம் வீடுகளில் 'கக்குது', 'எதுக்களிக்குது' என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த சமாசாரத்துக்கு இப்போது 'ரிஃப்ளக்ஸ்' என்று பெயர். பெயர் மாறியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெயரோடு கூடவே ஒரு பில்லும் வருகிறதே, அதில்தான்.

இதையெல்லாம் நான் படிக்கக் காரணம் எங்கள் மாடி வீட்டுத் தம்பதி. மூன்றரை மாசப் பெண் குழந்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் அப்பா துணிப்பை நிறைய சாமான்களோடு வந்தார். "ஸார், நீங்க பத்திரிகைல இருக்கீங்க. இதுல எது நிஜம்னு படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். (பத்திரிகைக்காரனுக்கு எது நிஜம் என்று தெரியும் என்ற நம்பிக்கை இன்னும் சிலருக்காவது இருக்கிறது. சந்தோஷம்.) டீப்பாயில் பரப்பினார். கிரைப் வாட்டர் ஒன்று. வாந்தி நிற்க ஒரு சொட்டு மருந்து. அமிலம் குறைய இன்னொன்று. பால்பவுடர் டின். முக்கோணமாக வெட்டிய ஃபோம் தலையணை. "அம்மா ஊர்லேர்ந்து வசம்பும் கொண்டாந்திருக்காங்க. அதை வீட்லயே வெச்சிட்டேன்."

பின்னாலேயே குழந்தையோடு வந்த அவர் மனைவி உட்காரவில்லை. "எம் பால் ஒத்துக்கலைன்னு எல்லாரும் சொல்றாங்க ஸார். நிறுத்திடலாமான்னு இருக்கு" என்றார்.

குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது? அம்மாவின் தோளில் ஒரு வாய் பாலைத் தள்ளிவிட்டு, என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது. பிறந்தபோது 2.9 கிலோவாம். இப்போது 6.2.

நான் டாக்டர் இல்லை. வெறும் பி.காம். ஆனால் கணக்குப் போட வரும். முதல் சில மாதங்களில் குழந்தை குடிக்கும் பால், உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி. ஆறு கிலோ குழந்தைக்கு 900 மில்லி. இதே விகிதத்தில் 60 கிலோ ஆசாமியான நீங்கள் குடிக்க வேண்டுமானால் தினம் 9 லிட்டர். ஒன்பது லிட்டர் பாலைக் குடித்துவிட்டு, நாள் பூரா மல்லாக்கப் படுத்துக்கொண்டு, நடுநடுவே யாராவது உங்களைத் தூக்கிக் குலுக்கிக் கொஞ்சினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை கக்குவதல்ல, இவ்வளவு கம்மியாகக் கக்குவதுதான் ஆச்சரியம்.

உணவுக்குழாய் இரைப்பையில் போய்ச் சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. வாசல் வாட்ச்மேன் மாதிரி. எல்லா வாட்ச்மேன்களையும் போல அதுவும் அவ்வப்போது கண்ணயர்ந்துவிடும். உங்களுக்கும் எனக்கும்கூட. நமக்குக் குழாய் நீளம், ஆகாரம் கெட்டி, முக்கால்வாசி நேரம் நிமிர்ந்திருக்கிறோம். அதனால் வெளியே தெரிவதில்லை. குழந்தைக்குக் குழாய் குட்டை, சாப்பாடு முழுக்கத் திரவம், படுக்கை சதா சர்வகாலமும். வாய் வரைக்கும் வந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் சிகாகோ வட்டாரக் குழந்தைகளைப் பற்றி 1997ல் ஒரு ஆய்வு வெளியானது. மூன்று மாதம் வரையிலான குழந்தைகளில் பாதிப் பேர் தினம் ஒரு தடவையாவது கக்கினார்கள். நாலாவது மாதத்தில் அது உச்சத்துக்குப் போய் 67 சதவிகிதம் ஆனது. பத்து மாதம் தாண்டி ஒரு வயதுக்குள் வெறும் 5 சதவிகிதம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளைத் தயாரிக்கும் 'நைஸ்' என்ற அமைப்பு 2015ல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். நூற்றுக்கு 40 குழந்தைகளாவது கக்கும், அவர்களில் 90 சதவிகிதத்தினருக்கு முதல் பிறந்தநாளுக்குள் நின்றுவிடும், பரிசோதனையோ மருந்தோ வழக்கமாகத் தேவைப்படாது.

இந்த நாலாவது மாதத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் விமரிசனமே அதை வைத்துத்தான்.

நாலாவது மாதம் உச்சம் என்றால், பெற்றோர் பொறுமை இழப்பதும் அப்போதுதான். கடைக்கு ஓடுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் ஒரு பாட்டிலோ தலையணையோ, தாயத்தோ வாங்குகிறீர்கள். ஏழாவது மாதம் குழந்தை உட்கார ஆரம்பிக்கிறது, கூழும் பருப்புசாதமும் இறங்குகின்றன, கக்குவது குறைகிறது. யாருக்கு மாலை? பாட்டிலுக்கு. அடுத்த வருஷம் தங்கைக்குக் குழந்தை பிறக்கும்போது, "இதைக் கொடு, எங்க வீட்ல மூணே மாசத்துல நின்னுடுச்சு" என்று சிபாரிசு போகிறது. வணிகவியல் பாஷையில் சொன்னால், ஒருவர் சம்பாதித்ததை இன்னொருவர் கணக்கில் வரவு வைப்பது. சம்பாதித்தது குழந்தையின் வளர்ச்சி. வரவு கம்பெனிக்கு. சாதாரணமாக இப்படிக் கணக்கு எழுதினால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

படித்த வரைக்கும் இந்த எழுத்தில் பிரதானக் குறை இதுதான். காலம் என்ற ஒரு பாத்திரத்தையே கதையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். 'நாலு மாதத்தில் அதிகமாகும், பிறகு தானாகவே குறையும்' என்ற ஒரு வரி எந்த லேபிளிலும் என் கண்ணில் படவில்லை. போட்டால் யார் வாங்குவார்கள்?

நம் ஊர் டி.வி. விளம்பரங்களில் ஒரு அமரகாவியம் உண்டு. உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர். குழந்தை அழும். என்னவென்று ஒருவர் கேட்க, அழுகிறது என்று இன்னொருவர் சொல்ல, அந்தப் பாட்டிலைக் கொடுக்கச் சொல்லி மூத்த தலைமுறை உத்தரவு போடும். உனக்கும் அதைத்தான் கொடுத்தேன் என்று பின்குறிப்பு. நாடகமாகப் பார்த்தால் பிரமாதம். அரை நிமிஷத்துக்குள் மூன்று தலைமுறையைக் காட்டுவது நம் மெகா சீரியல்காரர்களால் முடியாத காரியம். ஆனால் வாதமாகப் பார்த்தால் என்ன சொல்கிறது? 'கொடுத்தேன், நீ உயிரோடு இருக்கிறாய்.' அந்த வீட்டில் அதே காலத்தில் பழைய சோறும் கொடுத்தார்கள், திருநீறும் பூசினார்கள். அவற்றுக்கும் இதே சாட்சி செல்லும்.

பாட்டிலின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1851ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்தில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் தயாரித்தது. சோம்பு ஜாதியைச் சேர்ந்த சதகுப்பையின் எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், கூடவே கொஞ்சம் ஆல்கஹால். ஆமாம், ஆல்கஹால். சுமார் 3.6 சதவிகிதம். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கியதில் மர்மம் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் 1990களின் ஆரம்பத்தில்தான் அதை எடுத்தார்கள். இப்போது நம்மூர்ப் பாட்டிலில் 'ஆல்கஹால் இல்லை' என்பதே ஒரு பெருமை. சரி, அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கக்குவதை நிறுத்தும் என்பதற்குச் சொல்லிக்கொள்ளும்படி நிரூபணம் எதுவும் இல்லை. மிச்சம் இருப்பது அந்த அரை நிமிஷ நாடகம்தான்.

இன்னொன்று கவனித்திருக்கிறீர்களா? குழந்தை வரும் எந்த விளம்பரத்திலும் அம்மாவின் தோள் ஈரமாக இருக்காது. சோப்பு, பவுடர், டயாபர், இன்ஷூரன்ஸ் எதுவாக இருந்தாலும் சரி. பாதிக் குழந்தைகள் தினமும் செய்கிற ஒரு காரியத்தைத் திரையில் ஒரு குழந்தைகூடச் செய்வதில்லை. அதைப் பார்த்துவிட்டு நம் வீட்டுத் தோளைப் பார்த்தால் பயம் வராமல் என்ன செய்யும்?

பயத்துக்குப் பெயர் சூட்டுவது அடுத்த கட்டம். அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு குழந்தை டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த பெற்றோரிடம் சிலர் ஒரு சோதனை செய்தார்கள். 2013ல் வெளியானது. ஒரு கற்பனைக் குழந்தையைப் பற்றிச் சொன்னார்கள். நிறையக் கக்குகிறது, அழுகிறது, மற்றபடி ஆரோக்கியம். பாதிப் பேரிடம் டாக்டர் இதற்கு ஒரு வியாதிப் பெயர் சொன்னதாகச் சொன்னார்கள். 'ஜி.ஈ.ஆர்.டி.' மீதிப் பேரிடம் பெயர் எதுவும் சொல்லவில்லை. பிறகு இரண்டு பக்கத்திலும் சிலரிடம், 'மருந்து இதற்கு அநேகமாகப் பலன் தராது' என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பெயர் கேள்விப்படாதவர்கள், பலன் இல்லையென்றால் வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தார்கள். பெயர் கேட்டவர்களோ, பலன் தராது என்று தெரிந்த பிறகும் மருந்தில் ஆர்வம் காட்டினார்கள்.

நாலே எழுத்து. அந்தப் பெற்றோர்களை நான் கேலி செய்யவில்லை. வியாதி என்று ஒருவர் சொன்ன பிறகு சும்மா இருப்பது எந்த அம்மா அப்பாவாலும் ஆகாத காரியம். அதனால்தான் அந்த எழுத்துகளை யார், எப்போது உச்சரிக்கிறார்கள் என்பது முக்கியம்.

நிஜமாகவே வியாதி இருக்கும் குழந்தைகள் உண்டு. கொஞ்சம் பேர். அமிலம் ஏறி ஏறி உணவுக்குழாய் புண்ணாகிப் போன குழந்தைக்கு மருந்து வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. சிரித்துக்கொண்டு கக்குகிற குழந்தைக்கும் அதே மருந்து போவதுதான் என் சண்டை.

மருந்துகளின் சரித்திரத்தைப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும். 1990களில் சிசாப்ரைட் என்று ஒன்று. இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கும். அமெரிக்காவில் குழந்தைகளுக்கென்று அனுமதி பெறாமலேயே ஏராளமான குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. இதயத் துடிப்பைத் தாறுமாறாக்குகிறது என்று தெரியவந்து, எல்லா வயதினரிலும் சேர்த்து 80 மரணங்கள் பதிவான பிறகு, 2000ல் அங்கே கடைகளிலிருந்து எடுத்தார்கள். நம் நாட்டில் தடை வந்தது 2011ல். நடுவில் பதினோரு வருஷம். பிறகு ரானிடிடின். அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஒரு அசுத்தம் சேர்கிறது என்று 2020ல் அமெரிக்கா வாபஸ் வாங்கச் சொன்னது. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022ல் நீக்கப்பட்டது. டாம்பெரிடோன் இன்னும் நம் பக்கத்தில் தாராளமாக எழுதப்படுகிறது. வயிற்றுக் கோளாறோடு வரும் குழந்தை வாந்திக்கு அது டம்மி மருந்தைவிடக் கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை என்று ஆய்வில் தெரிந்து, 2019ல் பிரிட்டன் 12 வயதுக்குக் கீழே அதற்கிருந்த அனுமதியை எடுத்துவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு 2009ல் வந்தது. கணக்குப் புத்தகம் மாதிரி சுத்தமானது. லான்ஸப்ரஸால் என்ற அமிலக் குறைப்பு மருந்து. 162 கைக்குழந்தைகள். எல்லாம் பால் குடித்தால் அழுது ஆகாத்தியம் பண்ணுகிற ரகம். 81 பேருக்கு மருந்து, 81 பேருக்கு டம்மி. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. நாலு வாரம். மருந்து சாப்பிட்டவர்களில் 44 பேருக்குக் குணம் தெரிந்தது. டம்மி சாப்பிட்டவர்களில்? அதே 44. ஐந்தொகையில் இரண்டு பக்கமும் இப்படி அச்சாக ஒத்துப்போய் நான் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை. ஒரே வித்தியாசம், மருந்துப் பக்கத்தில் 10 குழந்தைகளுக்குக் கடுமையான உபாதைகள் வந்தன, முக்கியமாக நெஞ்சில் சளித்தொற்று. டம்மிப் பக்கத்தில் 2.

அந்த டம்மிக்காரர்கள் 44 பேரை யோசித்துப் பாருங்கள். அவர்களைக் குணப்படுத்தியது எது? நான் முன்னே சொன்ன, லேபிளில் பெயர் இல்லாத அந்த ஆசாமிதான்.

(இதைப் படித்துவிட்டு உங்கள் குழந்தைக்கு டாக்டர் கொடுத்த மருந்தை நாளைக் காலையில் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். 'இது எதற்கு, எத்தனை நாளைக்கு, நிறுத்தினால் என்ன ஆகும்' என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.)

இதுவரை வீண் செலவுக் கணக்கு, கொஞ்சம் உபாதைக் கணக்கு. இனி வருவது வேறு.

ஃபிஷர் பிரைஸ் என்ற பிரபல அமெரிக்க பொம்மைக் கம்பெனியில் வடிவமைப்பாளராக இருந்த ஒரு தாய். தன் கைக்குழந்தைக்கு ரிஃப்ளக்ஸ். சரிவாகப் படுக்க வைத்தால் தேவலை என்று டாக்டர் சொல்ல, சரிவாகவே ஒரு தொட்டில் செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 2009ல் 'ராக் அண்ட் ப்ளே' சந்தைக்கு வந்தது. சுமார் 30 டிகிரி சாய்வு. மெத்தென்று இருக்கும், தள்ளிவிட்டால் ஆடும். குழந்தை ராத்திரி பூரா தூங்கும். பெற்றோர் கொண்டாடினார்கள். சந்தைக்கு வருமுன் கம்பெனி ஆலோசனை கேட்டது ஒரே ஒரு டாக்டரிடம், அவரும் குழந்தை மருத்துவர் அல்ல என்பது பத்து வருஷம் கழித்து, 2019ல், பத்திரிகை விசாரணையில் வெளியே வந்தது. கனடா அரசு முன்பே, தூங்க வைக்கும் சாதனம் என்று இதை இங்கே விற்காதே என்று சொல்லியிருந்தது. அமெரிக்காவில் விற்றது.

சாய்ந்து படுத்த குழந்தையின் தலை கனம் தாங்காமல் முன்னால் விழும். முகவாய் நெஞ்சில் அழுந்தும். வைக்கோல் மாதிரி மெல்லிசான மூச்சுக்குழாய் மடங்கும். சத்தமே இருக்காது. கொஞ்சம் வளர்ந்த குழந்தை என்றால் புரண்டு மெத்தையில் முகம் புதையும். 2019 ஏப்ரலில் கம்பெனி வாபஸ் வாங்கியபோது விற்றிருந்தது சுமார் 47 லட்சம். தெரியவந்திருந்த சாவு 30க்கு மேல். 2023 ஜனவரியில் மறுபடி எச்சரித்தபோது அது சுமார் 100 ஆகியிருந்தது. நடுவில் 2022ல், 10 டிகிரிக்கு மேல் சாயும் குழந்தைப் படுக்கைகளையே அமெரிக்கா சட்டம் போட்டுத் தடை செய்தது.

அந்த வடிவமைப்பாளரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. தூக்கம் கெட்ட ஒரு அம்மா. ஆனால் அந்த நூறு வீடுகளில் பல, கக்குகிற குழந்தைக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் அதை வாங்கியிருக்கும். கொடுமை என்னவென்றால், தலையை உயர்த்திப் படுக்கவைப்பதால் கக்குவது குறைவதில்லை என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சங்கங்களின் தீர்மானமான கருத்து.

'மல்லாக்கப் படுத்தால் கக்கினது தொண்டைல அடைச்சுக்காதா?' என்பீர்கள். எல்லாப் பாட்டிகளும் கேட்கும் நியாயமான கேள்வி. உடம்பின் அமைப்பைப் பாருங்கள். மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். மல்லாக்கப் படுத்தால் மூச்சுக்குழாய் மாடியில், உணவுக்குழாய் கீழ்த்தளத்தில். கக்கிய பால் மாடி ஏறாது. கீழேயே தங்கும், குழந்தை விழுங்கிவிடும். குப்புறப் போட்டால்தான் மாடி கீழே வருகிறது. மல்லாக்க, சமதளமாக, கெட்டியான படுக்கையில், தலையணை இல்லாமல். கக்குகிற குழந்தைக்கும் இதேதான். மாடி வீட்டுக்காரர் கொண்டுவந்த முக்கோண ஃபோமை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. என் டி.வி.யின் பின்னால் ஒயர்களுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

'அப்போ தூளி?' என்று கேட்கப்போகிறீர்கள். தூளியும் குழந்தையை வளைக்கத்தான் செய்கிறது. ஆட்டிவிட ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பகல் தூக்கம் ஒரு கதை. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் அபார்ட்மெண்ட் ராத்திரி வேறு கதை. ராத்திரிக்குச் சமதளம்தான்.

வெளிநாட்டுக் கம்பெனிகளைத் திட்டிவிட்டு நம்மூர் வைத்தியத்துக்குக் கற்பூரம் காட்டுவது பத்தி எழுத்தாளர்களுக்குச் சுலபமான வேலை. நான் செய்யப்போவதில்லை. 'தொக்கம் எடுப்பது' என்று ஒன்று நடக்கிறது. கக்குகிற குழந்தையின் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று சொல்லி, வயிற்றை அமுக்கி, குழல் வைத்து உறிஞ்சி, எதையோ துப்பிக் காட்டுவார்கள். சிக்காத பொருளை எடுத்துக் காட்டும் வித்தை. இதற்கு காரில் போய் வரிசையில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயிறு நிறைந்த குழந்தையை அமுக்கினால் பால் நுரையீரலுக்குப் போகலாம். இது பழக்கவழக்கம் இல்லை, ஆபத்து.

வசம்புக்கு நம் ஊரில் 'பேர் சொல்லா மருந்து' என்று ஒரு பட்டப்பெயர். அந்தப் பக்கம் பெயர் சொல்லி விற்கிறார்கள், இந்தப் பக்கம் பெயரே சொல்லக் கூடாது! வயிற்றுக்குள் கொடுக்கும் பொருளாக அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அமெரிக்கா 1968லேயே உணவில் சேர்க்கத் தடை விதித்த சரக்கு அது.

முதுகில் தட்டி ஏப்பம் விடவைப்பதாவது நிச்சயமான விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2015ல் வெளியான ஒரு ஆய்வில், சண்டிகரில் 71 தாய்-சேய் ஜோடிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஏப்பம் விடவைக்கச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். தட்டிய பக்கத்துக் குழந்தைகள் கூடுதலாகக் கக்கின! சின்ன ஆய்வு. அதை வைத்து ஊர் வழக்கத்தை மாற்ற வேண்டாம். ஆனால் தபேலா வாசிக்கவும் வேண்டாம். பால் குடித்தபின் இருபது முப்பது நிமிஷம் நிமிர்த்தித் தூக்கி வைத்திருங்கள். ஒரே மூச்சாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. டயாபரை இறுக்கிக் கட்டாதீர்கள். வழிகாட்டிகளில் இருக்கும் சிகிச்சை பெரும்பாலும் இவ்வளவுதான். எதற்கும் ரசீது கிடையாது.

ஆனால் நம் ஊரிடம் இந்த விஷயத்தில் ஒரே ஒரு உருப்படியான வாசகம் இருக்கிறது. 'கக்கின பிள்ளை தக்கும்.' பழமொழி. தக்கும் என்றால் தங்கும், நிலைக்கும், பிழைத்துக்கொள்ளும். சிகாகோ ஆய்வும் நைஸ் வழிகாட்டியும் பக்கம் பக்கமாகச் சொல்வது இந்த மூன்று வார்த்தையில் இருக்கிறது. லேபிள்கள் விட்டுவிட்ட காலத்தை, 'தக்கும்' என்ற எதிர்கால வினைமுற்றில் யாரோ ஒரு கிழவி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

விமரிசகன் என்ற முறையில் கிழவியிடமும் ஒரு குறை. எல்லாக் கக்கலும் தக்காது. பச்சையாக வாந்தி எடுத்தால், அது எவ்வளவு சின்னக் குழந்தையாக இருந்தாலும், எந்த நேரமாக இருந்தாலும், உடனே ஆஸ்பத்திரி. குடலில் அடைப்போ முறுக்கலோ இருக்கலாம், மணிக்கணக்கு முக்கியம். பிறந்து இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள், கக்குவதாக இல்லாமல் பீச்சாங்குழல் மாதிரி எட்டத்தில் போய் விழுந்தால், இரைப்பையின் கீழ்வாசல் தடித்திருக்கலாம். சின்ன ஆபரேஷனில் சரியாகும், ஆனால் காத்திருக்கக் கூடாது. ரத்தம், ஜுரம், வயிறு உப்பி இறுகுவது, உச்சிக்குழி புடைப்பது, பால் குடிக்கவே மறுப்பது, ஆறு மாதத்துக்குமேல் புதிதாக ஆரம்பிப்பது, ஒரு வயது தாண்டியும் நிற்காமல் இருப்பது, இவை எதுவும் பழமொழிக் கேஸ் இல்லை. டாக்டர் கேஸ். நான் புரட்டிய தாள்களில் பச்சை வாந்தி பற்றி ஒரு வரி இருந்தது ஒன்றே ஒன்றில். கடைசி மடிப்பில்.

மாடி வீட்டு அம்மாவின் கேள்வி பாக்கி இருக்கிறது. 'எம் பால் ஒத்துக்கலை.' இந்த நாட்டில் பால்பவுடருக்கு விளம்பரம் செய்யமுடியாது. 1992ல் போட்ட சட்டம் தடுக்கிறது. விளம்பரம் இல்லாமலே டின் எப்படி டீப்பாய்க்கு வந்தது? இந்த ஒரு வாக்கியத்தின்மேல் ஏறித்தான் வந்தது. மாமியார், பக்கத்து வீடு, மருந்துக்கடை என்று ஆளாளுக்கு இலவசமாகச் சொல்கிறார்கள். நீ என்ன சாப்பிட்டே, கத்திரிக்காயா, ஐஸ் வாட்டரா என்று குறுக்கு விசாரணை வேறு. குழந்தை கக்கினால் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது எப்போதும் அம்மாதான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளும் கக்கும், டின் பால் குடிப்பவையும் கக்கும். பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத சில குழந்தைகள் உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தாலும் டாக்டர் செய்வது, இரண்டிலிருந்து நாலு வாரம் அம்மாவைப் பால், தயிரை நிறுத்தச் சொல்லிப் பார்ப்பது. தாய்ப்பாலை நிறுத்துவது அல்ல.

ஒரு சின்னப் பரிசோதனை வேண்டுமானால் செய்து பார்க்கலாம். துண்டில் ஒரு டீஸ்பூன் பாலைக் கொட்டுங்கள். ஐந்தே மில்லி. பரவிய ஈரத்தைப் பார்த்தால் குடித்த பால் பூராவும் வெளியே வந்துவிட்டது என்று சத்தியம் செய்வீர்கள். நான் அவர்கள் எதிரிலேயே செய்து காட்டினேன். அந்த அம்மா ரொம்ப நேரம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோதானா ஸார்?" என்றார்.

டின் இன்னும் திறக்கப்படவில்லை என்று போன வாரம் கேள்விப்பட்டேன்.

கடைசியாக, இந்த இலக்கிய வகையில் எது சிறந்தது என்று தேர்வு செய்யச் சொன்னால் எனக்குச் சந்தேகமே இல்லை. தடுப்பூசி அட்டைதான். அரசாங்க ஆஸ்பத்திரியில், அங்கன்வாடியில் கொடுப்பது. அதன் உள்பக்கத்தில் வளைந்து மேலேறும் கோடுகள் போட்டு ஒரு வரைபடம் இருக்கும். குறுக்கே வயசு, நெடுக்கே எடை. துண்டில் எவ்வளவு போகிறது என்று கவலைப்படுவதற்கு பதில், உடம்பில் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்க்கச் சொல்லும் ஒரே காகிதம் இதுதான். புள்ளிகள் கோட்டோடு ஏறினால் கக்குகிற பிள்ளைதான். கோட்டைவிட்டுச் சரிந்தால் வியாதியா என்று பார்க்க வேண்டிய பிள்ளை. என் வீட்டில் பரப்பிய சாமான்களில் அந்த அட்டை மட்டும் இல்லை. பீரோவில், பிறப்புச் சான்றிதழோடு பத்திரமாக இருந்ததாம்.

எடுத்துவரச் சொன்னேன். ஊசிக் கட்டங்களில் எல்லாம் தேதி இருந்தது, ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. வரைபடப் பக்கம் மட்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தது. பெரும்பாலான அட்டைகளில் அப்படித்தான். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது எடையைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். நர்ஸிடம் புள்ளி வைத்துத் தரச் சொல்லுங்கள். கூட்டமாக இருந்து, 'அப்புறம் வாங்கம்மா' என்றால், வீட்டுக்கு வந்து நீங்களே வையுங்கள். பிறந்த எடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனா போதும்.